பலமனேரும் எட்டெழுத்து வரம்பும்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை மொகிலிக் கணவாயில் வளைந்து ஏறி மேட்டுநிலத்தை எட்டும் பகுதியில் பலமனேர் என்னும் ஊர் இருக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் இரண்டாயிரம் அடிக்கும் மிகுந்த உயரம். ஆதலால் கீழே சித்தூர் கொதிக்கும் நாட்களிலும் இங்கே மாலைக் காற்று சற்றுக் குளிர்ந்தே வீசும். சுடுமண் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரையில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனோடு சென்றது. தெலுங்கு பேசுவோரே மிகுதி என்றாலும், தமிழ் வழங்கும் வீடுகளும் அங்கு உண்டு. அவ்வீடுகளின் மரப்பெட்டிகளில் தமிழில் எழுதிய பழைய பத்திரங்களும், தெலுங்கில் எழுதிய புதிய பத்திரங்களும், ஆங்கிலத்தில் முத்திரையிட்ட ரசீதுகளும் ஒரே கட்டில் கட்டுண்டு கிடக்கும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், கணினியில் கோப்புகளுக்குப் பெயரிடுவதில் உள்ள தடைகளின் வரலாறு. இதற்கும் பலமனேருக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. ஊரின் பெயரை இன்று வழங்குமாறு ஆங்கில எழுத்துக்களில் எழுதினால் ஒன்பது எழுத்து வருகிறது. வழக்கு முழுவதும் அந்த ஒன்பதாம் எழுத்தைப் பற்றியதே.

சித்தூர் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டு எழுத்து. திருப்பதிக்கும் எட்டு. பக்கத்துப் புங்கனூருக்கும் எட்டு. பலமனேருக்கு மட்டும் ஒன்று கூடுதல். 1981ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உலகின் பெரும்பாலான சிறு கணினிகளை ஆண்டுவந்த எம்எஸ்-டாஸ் என்னும் இயங்குதளம், ஒரு கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்தும், அதன் வகையைக் குறிக்கப் புள்ளிக்குப் பின் மூன்று எழுத்தும் மட்டுமே அளித்தது. ஒன்பதாவது எழுத்தைத் தட்டினால் ‘இயலாது’ என்று அது சொல்லவில்லை, சொல்லாமலே வெட்டியது. பலமனேர் என்று நாம் எழுத, அது இறுதி எழுத்தைக் கழித்துவிட்டுப் ‘பலமனே’ என்று வைத்துக்கொண்டது. அதன் விளைவைப் பாருங்கள். பலமனேர் ஒன்று, பலமனேர் இரண்டு என்று எண்ணிட்டு இரண்டு கோப்புகளைப் படியெடுத்தால், இரண்டும் வெட்டுண்டு ஒரே பெயராகி, பின்னது முன்னதன்மேல் எழுதப்பட்டுவிடும். 1993இல் வெளிவந்த 6.2ஆம் பதிப்புக்கு முன் ‘முன்னதை அழிக்கலாமா?’ என்று கேட்கும் மரியாதையும் படியெடுக்கும் கட்டளைக்கு இருந்ததில்லை.

வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்து ‘இம்பீரியல் கெசட்டியர்’ நூலில் இவ்வூரின் பெயர் நடுவில் ஓர் உயிரெழுத்துக் குறைந்து ‘பல்மனேர்’ என்பது போல் எழுதப்பட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு எழுத்து! வாய் திருந்தாத வெள்ளைக்கார அதிகாரியின் எழுத்துக்கூட்டல் எம்எஸ்-டாஸுக்குப் பொருந்துகிறது. ஊரார் சொல்லும் பெயர் பொருந்தவில்லை.

எட்டு என்னும் எண் எங்கிருந்து வந்தது? யாரேனும் ஆராய்ந்து, மனிதருக்கு எட்டெழுத்துப் போதும் என்று தீர்மானித்தார்களா? இல்லை. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறை ஒன்றைச் செய்து காட்டினார்கள். சிடிஎஸ்எஸ் என்பது அதன் பெயர். அங்கே கோப்பின் பெயர் இரண்டு சொற்களால் ஆனது; ஒவ்வொரு சொல்லுக்கும் ஆறு எழுத்து. ஏன் ஆறு? அவர்கள் பயன்படுத்திய ஐபிஎம் பொறி ஒரு முறை எடுத்தாளும் அளவு 36 இருமக் கூறுகள். ஓர் எழுத்துக்கு ஆறு கூறு. ஆகவே ஒரு பிடிக்கு ஆறு எழுத்து. அவ்வளவே காரணம். படியால் அளப்பவனுக்குப் படியின் அளவே கணக்கு என்பது போல. பின்னர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தாரின் 36 கூற்றுப் பொறிகளிலும் ஆறு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்து வகைக்குறியும் என்றாயின. முதலது ஒரு முழுப் பிடி, பின்னது அரைப் பிடி. அங்கே நம் ஊர் ‘பலம’ என்ற அளவில் நின்றிருக்கும்.

அந்தப் பொறிகளில் பழகியவர் கேரி கில்டால். அவர் 1974இல் சிறு கணினிகளுக்கென்று சிபி/எம் என்னும் இயங்குதளத்தை இயற்றியபோது ஆறை எட்டாக உயர்த்தினார். மூன்றை அப்படியே விட்டார். ஃபிளாப்பித் தட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டு நீளமுள்ள ஒரு பதிவு. அதில் எட்டும் மூன்றும் பெயருக்குப் போக, எஞ்சியவை கோப்பு தட்டின் எப்பகுதிகளில் கிடக்கிறது என்னும் கணக்குக்கு. பைட்டு என்பது கணினி நினைவின் ஒரு சிற்றறை என்று கொள்க. 1980இல் டிம் பாட்டர்சன் என்பவர் சிபி/எம் முறையை ஒட்டி எழுதிய இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1981இல் விலைக்கு வாங்கியது. எம்எஸ்-டாஸ் என்பது அதுவே. இவ்வாறு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, நம் நாட்டு அலுவலகங்களின் மேசை மீதும் எட்டெழுத்து வந்து அமர்ந்தது.

அந்த மேசைகளில் அதற்கு முன்னும் கோப்புகள் இருந்தன. அவற்றுக்குப் பெயரிடும் விதியும் இருந்தது. சென்னை மாகாணத்து வருவாய்த்துறை அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்பதொன்று வழங்கிவந்தது. தபால் வந்தவுடன் அதற்கு ஓர் எண், எண்ணுக்குப் பின் சாய்கோடு, அதன்பின் ஆண்டு. காரியம் முடிந்தபின் அந்தத் தாள்கட்டுக்கு இன்னொரு குறி. ‘ஆர்’ என்று குறித்தால் என்றென்றும் காக்க வேண்டியது. ‘டி’ என்றால் பத்து ஆண்டு. ‘கே’ என்றால் மூன்று. ‘எல்’ என்றால் ஓராண்டு. பெயரைப் பார்த்தவுடனே தாளின் ஆயுளைச் சொல்லிவிடலாம். அதுவும் கடுமையான விதிதான். ஆனால் அவ்விதி, நாளை அந்தத் தாளைத் தேடி வரப்போகிறவனை நினைந்து செய்யப்பட்டது. கணினியின் விதியோ பொறியின் பிடியளவை நினைந்து செய்யப்பட்டது. இவ்வேற்றுமையை நாம் மறந்துவிடலாகாது.

இரண்டு விதிகளும் மோதிக்கொள்ளும் இடம் சாய்கோடு. தபால் எண்ணிலும், பத்திர எண்ணிலும், தேதியிலும், நிலத்தின் சர்வே எண்ணுக்கு உட்பிரிவு காட்டும்போதும் நம்மவர் கை தானாகவே ஒரு சாய்கோட்டை இழுக்கும். 112/2 என்றால் நூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில் இரண்டாம் பிரிவு என்பது உழவருக்கும் தெரியும். கணினி இதனைக் கோப்பின் பெயராக ஏற்காது. மல்டிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தில் ஓர் அடைவுக்குள் இன்னோர் அடைவு இருப்பதைக் காட்டப் ‘பெரிது’ என்னும் கணக்குக் குறியை வழங்கினார்கள். அதன் பின் 1970ஐ ஒட்டித் தோன்றிய யூனிக்ஸ் அவ்விடத்தில் சாய்கோட்டை வைத்தது. அன்று முதல் சாய்கோடு என்பது பெயரின் உறுப்பன்று, வாயிற்படி. 112/2 என்று எழுதினால் ‘112 என்னும் அறைக்குள் இருக்கும் 2 என்னும் பொருள்’ என்று யூனிக்ஸ் பொருள் கொள்ளும்.

எம்எஸ்-டாஸ் 1983இல் தன் இரண்டாம் பதிப்பில் அடைவுகளைப் புகுத்தியபோது சாய்கோட்டையே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே கட்டளைகளின் விருப்பக் குறியாகச் சாய்கோடு அங்கே வழங்கிவந்தது. ஆகவே எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டைத் தேர்ந்தார்கள். மெக்கின்டாஷ் கணினியினரோ முக்காற்புள்ளியைத் தேர்ந்தார்கள். மூன்று வீட்டுக்கு மூன்று விதமான தாழ்ப்பாள். யூனிக்ஸ் வழிவந்தவை சாய்கோட்டையும் வெற்றெண் பைட்டையும் மட்டும் விலக்கி, ஏனைய எல்லாவற்றையும் ஏற்கும். விண்டோஸ் விலக்குவன ஒன்பது: இருபக்கச் சாய்கோடுகள், முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, வினாக்குறி, இரட்டை மேற்கோள், சிறிது, பெரிது, நிமிர்ந்த கோடு. அவையன்றி, திரையையும் அச்சுப்பொறியையும் குறித்து அந்நாளில் ஒதுக்கிவைத்த சில மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பெயர்களும் இன்றளவும் பொதுமக்களுக்குத் தடையானவையே. டாஸின் முதற்பதிப்பில் அடைவுகள் இல்லாமையால், அப்பெயர்கள் எவ்விடத்தும் கருவிகளையே குறிக்கும் என்று வைத்தார்கள், பின்வந்தவர்களால் எடுக்க முடியவில்லை. புதிய மாக் கணினியில் ஒரு சமரசம் உண்டு. திரையில் 112/2 என்று பெயரிட இடங்கொடுக்கும். உள்ளே அதனை முக்காற்புள்ளியாக மாற்றி வைத்துக்கொள்ளும். பார்ப்பவனுக்கு ஒன்று, பெட்டிக்குள் வேறொன்று. இந்தச் சாமர்த்தியம் நமக்கு அவ்வளவாக உகப்பில்லை.

இதுவரை சொன்னவை யாவும் ஆங்கில எழுத்தால் பெயரிடும்போது நேர்வன. தமிழில் பெயரிட முற்பட்டவர்களின் கதை வேறு.

ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் உருவத்தை அமர்த்தி வேலை செய்தன. ஈழத்தவரும் புலம்பெயர்ந்தவரும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு அவ்வகையது. கடிதத்துக்குள் தமிழாகத் தெரிவது, கோப்பின் பெயராக வரும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்; ஏனெனில் பெயரைக் காட்டுவது பாமினி அன்று, கணினியின் சொந்த எழுத்துரு. அதுகூடப் பொறுக்கலாம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளியின் இருக்கையில் அமர்ந்தது. எம்எஸ்-டாஸ் அரைப்புள்ளியைப் பெயரில் அனுமதிப்பதில்லை. ஆகவே மெய்யெழுத்துள்ள எந்தச் சொல்லும் அங்கே பெயராக முடியாது. தமிழ் என்ற சொல்லே முடியாது!

அதனினும் பெரியது ஒன்று. பாமினியில் இகரக் கொக்கி ஆங்கிலச் சிறிய ‘பி’யிலும், ஈகாரச் சுழி பெரிய ‘பி’யிலும் அமர்ந்தன, எகரக் கொம்பு சிறிய ‘என்’னிலும், ஏகாரக் கொம்பு பெரிய ‘என்’னிலும். டாஸும் விண்டோஸும் பெயர்களை ஒப்பிடும்போது பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்வன. ஆங்கிலத்துக்கு அதனால் கேடில்லை. தமிழுக்கோ குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. ‘நிதி’ என்று ஒரு கோப்பும் ‘நீதி’ என்று ஒரு கோப்பும் ஒரே அடைவில் வைத்தால், அவை இரண்டும் ஒரே கோப்பு என்று பொறி தீர்ப்பளிக்கும். நிதிக்கும் நீதிக்கும் வேறுபாடு இல்லை என்ற இத்தீர்ப்பை வழக்குமன்றத்திற்குச் சென்று வந்த சிலர் ஒப்புக்கொள்ளவும் கூடும், நாம் ஒப்பவில்லை.

இத்தகைய குழப்பம் தமிழுக்குப் புதியதன்று. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளி இட்டால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள்; எகர ஏகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டினார். ஆனால் ஓலையைப் படித்தவர் மனிதர். இடம் நோக்கிப் பொருள் அறிந்து குறிலையும் நெடிலையும் தாமே பிரித்துக்கொண்டார். கணினிக்கு இடம் நோக்கும் வழக்கம் இல்லை.

1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. 1993இல் வந்த விண்டோஸ் என்டி தன் கோப்புப் பெயர்களை ஒருங்குறியிலேயே வைத்தது. எனினும் தமிழைத் தட்டவும் திரையில் சரியாகக் காட்டவும் விண்டோஸ் 2000 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே 1995இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு வழிவிட்டது. ஆனால் பழைய நிரல்களுக்காக ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் பின்னால் ஒரு குறும்பெயரையும் ஒளித்து வைத்தது. முதல் ஆறு எழுத்து, ஓர் அலைக்கோடு, ஓர் எண். நம் ஊர் மீண்டும் ‘பலம’ ஆயிற்று. 36 கூற்றுப் பொறியில் நின்ற அதே இடம்!

ஒருங்குறியை யூனிக்ஸ் உலகுக்குள் கொண்டுவந்த முறைக்கு யுடிஎஃப்-8 என்று பெயர். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதி மேசையில் அமர்ந்து இதனை வகுத்தார்கள். கோப்புப் பெயர்களின் பொருட்டே அதில் ஒரு காப்பு வைத்தார்கள்: வேற்றுமொழி எழுத்து ஒன்றைக் குறிக்கும் பைட்டுகளுக்கிடையில் சாய்கோட்டின் பைட்டு ஒருபோதும் வாராது. இக்காப்பு இல்லாத ஜப்பானியக் குறியீட்டு முறை ஒன்றில், சில எழுத்துக்களின் இரண்டாம் பைட்டு டாஸின் பின்சாய்கோடாகவே அமைந்து, பெயரின் நடுவே வாயிற்படி முளைத்த துன்பத்தை அவர்கள் நாட்டார் நெடுங்காலம் பட்டார்கள். தமிழுக்கு அது நேரவில்லை.

நேர்ந்தது வேறு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. பலமனேர் என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியின் கணக்கில் ஏகாரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், ஆக ஏழு. லினக்ஸின் கணக்கில் ஏழு மூன்று இருபத்தொரு பைட்டு. தெலுங்கில் ‘பலமனேரு’ என்று எழுதினாலும் புள்ளிக்குப் பதில் உகரக் குறி, அதே இருபத்தொன்றுதான். லினக்ஸ் ஒரு பெயருக்கு அளிப்பது 255 பைட்டு. அதில் ஆங்கிலத்தான் 255 எழுத்து எழுதலாம், தமிழன் 85 குறிதான் எழுதலாம். விண்டோஸ் குறிகளை எண்ணுவதால் அங்கே தமிழுக்கும் 255 உண்டு. எனவே விண்டோஸில் தமிழில் நூறு குறி நீளத்தில் பெயரிட்ட கோப்பை லினக்ஸுக்கு மாற்றினால், அது பெயர் மிக நீளம் என்று மறுத்துவிடும். வாய்விட்டு மறுப்பதால் இதனை நாம் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. பெயரைச் சுருக்கி எழுதினால் தீர்ந்தது.

சொல்லாமல் மாற்றுவதே கொடிது. ஓகார உயிர்மெய்யை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரத்தை ஒரே குறியாக வைத்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் அவ்வாறே. கண்ணுக்கு வேறுபாடு சிறிதும் தெரியாது. 1998இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த புதிய கோப்பு முறை, எப்படி எழுதிக் கொடுத்தாலும் பிரித்தே வைத்துக்கொண்டது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்தது கொடுத்தபடி வைத்தன. ஆகவே அந்தக் கணினிக்குச் சென்று திரும்பிய கோப்பு, பெயர் மாறியே திரும்பக்கூடும். பலமனேருக்குக் கேடில்லை; மேற்கே போனால் வரும் கோலாருக்கு உண்டு. கோப்பு என்ற சொல்லுக்கே உண்டு. இரண்டு ‘கோப்பு’கள் ஒரே அடைவில் அருகருகே நிற்கும், ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. 2017இல் அந்நிறுவனத்தார் கொண்டுவந்த புதுக் கோப்பு முறை, கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. இதுவே நேரிய வழி என்பது நம் கருத்து.

பல கோப்புகளை ஒரு பொதியாகக் கட்டும் ஜிப் முறையும் நெடுங்காலம் தமிழைக் கண்டறியாது இருந்தது. பெயர் எந்த எழுத்துமுறையில் எழுதப்பட்டது என்று சொல்ல அதில் இடமில்லை. 2006இல்தான், இப்பெயர் யுடிஎஃப்-8 என்று குறிக்கும் ஓர் அடையாளத்தை அதன் விதிகளில் சேர்த்தார்கள். அதற்கு முன்னும், அதற்குப் பின் சில காலமும், தமிழ்ப் பெயரோடு கட்டிய பொதியைப் பிரித்தவர்கள் வினாக்குறிகளையும் விளங்காக் கோடுகளையும் கண்டு திகைத்தார்கள்.

நாம் அறிந்த பலமனேர்க் குடும்பம் ஒன்றில் இப்படித்தான் நிகழ்ந்தது. பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் முதல் வரி ரசீது வரை எல்லாவற்றையும் ஒரு கடையில் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயரிட்டு, பொதியாகக் கட்டி, சென்னையிலிருக்கும் தமையனாருக்கு அனுப்பினார்கள். அவர் பிரித்தபோது படங்கள் யாவும் நலமே இருந்தன. பெயர் ஒன்றும் இல்லை. எது எந்த நிலத்துக்குரியது என்று ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பெயரிட்டு முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த தாயார் அருகில் இருந்ததால் முடிந்தது. பெயரோடு போன செய்தி தாளுக்குள் இருந்தது; தாளுக்குள் இருப்பதைப் படிக்க ஆள் இருந்தார்.

இப்போது அவர்கள் தங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டிருக்கிறார்கள். முதலில் ஆண்டு, பிறகு சர்வே எண், பிறகு தமிழில் இரண்டொரு சொல். இடையே சிறு கோடு மட்டும். சாய்கோடு எங்கும் இல்லை. எந்தக் கணினியும் இதனை மறுக்கவில்லை. கணினியில் 112-2 என்று இருக்கிறது. மரப்பெட்டியிலுள்ள கட்டின்மேல், பாட்டனார் மையால் எழுதி ஒட்டிய சீட்டில் 112/2 என்றே இருக்கிறது. தாயார் அதனை மாற்ற விடவில்லை.